சைக்கிள் டோக்கனும் கொரிய சினிமாவும்

எங்கள் மாமா உசிலம்பட்டியில் ஒரு தியேட்டரின் சைக்கிள் ஸ்டாண்டைப் பல வருஷம் ஏலத்தில் எடுத்து நடத்தியவர். உள்ளே போய்ப் படம் பார்த்தது குறைவு. ஆனால் எந்தப் படம் நிற்கும், எது நாலாம் நாள் பெட்டியைத் தூக்கும் என்பதை முதல் நாள் சாயங்கால ஆட்டத்திலேயே சொல்லிவிடுவார். அவருடைய கணக்கு ஒரு தகர டப்பாவில் இருந்தது. டப்பாவில் டோக்கன் தீர்ந்துவிட்டால் நல்ல படம். பாதி மீதி இருந்தால், எவ்வளவு பெரிய நடிகர் நடித்திருந்தாலும், "தேறாது மாப்ள."

இப்போது அவருடைய பேத்தி ராத்திரி பகலாகப் போனில் கொரியன் சீரியல் பார்க்கிறாள். போன பொங்கலுக்குப் போயிருந்தபோது, "இந்தக் கொரியாக்காரன் படம் எப்பவுமே இப்படி உலகமெல்லாம் ஓடுமா?" என்று கேட்டார். இல்லை மாமா, 1993-ல் அவர்கள் ஊரில் விற்ற நூறு டிக்கெட்டில் பதினாறுதான் அவர்கள் படத்துக்கு, மிச்சமெல்லாம் வெளிநாட்டுப் படங்களுக்கு என்றேன். நம்பவில்லை. அன்றைக்கு அவருக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். ஒரு நாட்டின் சினிமாத் தொழில் எப்படிப் படுக்கிறது, எப்படி எழுந்து உட்காருகிறது என்பதைப் புரிந்துகொள்ளத் தென் கொரியாவைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். மதுரையில் யாரிடமாவது சினிமாத் தொழில் போச்சு என்று பேச்செடுத்தால் உடனே தியேட்டரைக் காட்டுவார்கள். 1937-ல் வந்த 'சிந்தாமணி' படம் சம்பாதித்துக் கொடுத்த பணத்தில் கட்டிய சிந்தாமணி தியேட்டர் இன்றைக்கு இல்லை. 1952 தீபாவளிக்குப் 'பராசக்தி'யோடு தொடங்கிய தங்கம் தியேட்டர், 2,500 பேருக்கு மேல் உட்காரலாம், ஆசியாவிலேயே பெரியது என்று பெயர் வாங்கியது, அதுவும் இல்லை. இரண்டு இடத்திலும் ஜவுளி எடுக்கலாம். ஆனால் தங்கம் தியேட்டர் பூட்டிக் கிடந்த அதே வருடங்களில்தான் அரிவாளும் டாடா சுமோவுமாக மதுரைக் கதைகள் தமிழ் சினிமாவை ஆட்டி வைத்தன. தியேட்டர் இடிவது வேறு, தொழில் தேய்வது வேறு.

படங்களின் எண்ணிக்கையும் ஏமாற்றும். தமிழில் இன்றைக்கு ஆண்டுக்கு 200 படங்களுக்கு மேல் வெளியாகின்றன. எத்தனை படம் போட்ட காசை எடுத்தது என்று கேட்டால் கைவிரல் போதும் என்பார்கள். கொரியாவிலும் 1960-களின் கடைசியில் ஆண்டுக்கு 200 படங்களுக்கு மேல் எடுத்தார்கள். அந்த எண்ணிக்கைக்குப் பின்னால் என்ன இருந்தது என்பதற்குக் கொஞ்சத்தில் வருகிறேன்.

அப்படியென்றால் எதைத்தான் பார்ப்பது? என்னைக் கேட்டால், டிக்கெட் காசு எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும். தியேட்டர் கவுண்டரில் கொடுக்கிற நூறு ரூபாய், சுற்றிச் சுற்றி அடுத்த படத்துக்கு முதலாக வந்து சேர்ந்தால் தொழில் உயிரோடு இருக்கிறது. வழியில் எங்கேயாவது அறுந்துவிட்டால், எவ்வளவு நல்ல படம் எடுத்தாலும் கொஞ்ச நாளில் மூச்சு நின்றுவிடும்.

நம்ம பக்கத்தில் அந்தச் சுற்று எப்படி நடந்தது என்பது வியாபாரம் தெரிந்தவர்களுக்குத் தெரியும். தயாரிப்பாளர் படத்தை ஏரியா ஏரியாவாக விற்பார். கோவை ஒரு ஏரியா, நெல்லை-கன்னியாகுமரி ஒரு ஏரியா, மதுரை-ராமநாடு ஒரு ஏரியா. மதுரையில் இருக்கும் விநியோகஸ்தர் படம் முடியும் முன்பே அட்வான்ஸ் கொடுப்பார். அவர் தியேட்டர்காரரிடம் எம்.ஜி. பேசி வாங்குவார், அதாவது ஓடினாலும் ஓடாவிட்டாலும் இவ்வளவு என்று முன்கூட்டியே ஒரு தொகை. தியேட்டர்காரர் கேன்டீனையும் ஸ்டாண்டையும் ஏலம் விட்டு அதில் கொஞ்சம் புரட்டுவார். ஆக, என் மாமா கட்டிய ஏலத் தொகையின் ஒரு துளி கோடம்பாக்கத்தில் ஏதோ ஒரு செட்டில் ஆணியாக அடிக்கப்பட்டிருக்கும். இதைச் சொன்னபோது அவருக்கு ஏகப்பட்ட சந்தோஷம்.

ஆச்சரியம் என்னவென்றால், கொரியாவிலும் ஏறக்குறைய இதே முறைதான். தலைநகர் சியோல் தனி. மற்ற பகுதிகளை ஏரியாக்களாகப் பிரித்து, அந்தந்த ஊர் விநியோகஸ்தர்கள் படம் எடுக்கும்போதே முன்பணம் கொடுத்தார்கள். பயிர் அறுப்பதற்கு முன்பே வயலோடு விலை பேசுவது போல என்று அவர்களே அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள். மாந்தோப்பைப் பூவிலேயே குத்தகை பேசும் நத்தம்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

சரி, அது எப்படி அறுந்தது?

1961-ல் பார்க் சுங்-ஹீ என்ற ராணுவ அதிகாரி ஆட்சியைப் பிடித்தார். அடுத்த ஆண்டே ஒரு திரைப்படச் சட்டம் வந்தது. சொந்தமாக ஸ்டுடியோ, கருவிகள், ஒப்பந்த நடிகர்கள், ஆண்டுக்கு இத்தனை படம் என்று நிபந்தனைகள் போட்டு, அவற்றை நிறைவேற்றுகிற கம்பெனிக்குத்தான் படம் எடுக்க உரிமை என்றார்கள். சின்ன ஆட்கள் எல்லாம் வெளியே. 1970-களில் தொடங்கிப் பத்து வருஷத்துக்கு மேல் மொத்த நாட்டிலும் சுமார் இருபது கம்பெனிகள்தான் உரிமம் வைத்திருந்தன. உரிமம் இல்லாதவர்கள் என்ன செய்வார்கள்? உரிமம் உள்ள கம்பெனிக்குக் காசு கொடுத்து அதன் பேரில் படம் எடுத்தார்கள். பேர் ஒருத்தர், தொழில் ஒருத்தர். "ஏலம் எடுக்கிறதே அப்படித்தானடா" என்றார் மாமா.

இதைவிட மோசமானது இன்னொரு விதி. வெளிநாட்டுப் படத்தை இறக்குமதி செய்ய வேண்டுமா? அந்த உரிமை உள்நாட்டுப் படம் எடுக்கிற கம்பெனிக்குத்தான். கேட்பதற்கு நல்ல யோசனை மாதிரி இருக்கிறது. ஆனால் அங்கே லாபம் கொட்டியது ஹாலிவுட் படத்தில். அதனால் கொரியப் படம் என்பது ஹாலிவுட் படத்துக்கான அனுமதிச் சீட்டாக ஆகிவிட்டது. சர்க்கரை வேண்டும் என்றால் டீத்தூள் பாக்கெட்டையும் வாங்கிக்கோ என்று ரேஷன் கடையில் தலையில் கட்டுவார்களே, அந்தப் பாக்கெட்டை யாராவது ஆசையோடு டீ போட்டுக் குடிக்கிறோமா? அப்படித்தான் அந்தப் படங்களை எடுத்தார்கள். சீக்கிரம், மலிவாக, யாரும் பார்க்காவிட்டாலும் பரவாயில்லை என்று. பிரிட்டனில் 1927-ல் உள்நாட்டுப் படங்களுக்கு ஒதுக்கீடு கொண்டுவந்தபோதும் இதே கூத்து நடந்தது. அங்கேயும் கணக்குக் காட்டுவதற்காகவே படங்கள் எடுத்துத் தள்ளினார்கள்.

தணிக்கை வேறு கழுத்தை நெரித்தது. கதைக்கு முதலில் அனுமதி, எடுத்த பிறகு மறுபடியும் வெட்டு. 1972-க்குப் பிறகு ஆட்சி இன்னும் இறுகியது. வறுமையைக் காட்டாதே, ராணுவத்தைப் பற்றிப் பேசாதே, தேசபக்தி ஊட்டு. வீட்டில் டி.வி. வந்துவிட்ட சமயத்தில், காசு கொடுத்து உபதேசம் கேட்க யார் தியேட்டருக்கு வருவார்கள்? 1969-ல் அந்த நாட்டில் சுமார் 17 கோடி டிக்கெட் விற்றது. ஏழெட்டு வருஷத்தில் அது பாதிக்கும் கீழே இறங்கியது. படங்களோ அப்போதும் ஆண்டுக்கு நூறு வரை வந்துகொண்டுதான் இருந்தன. எண்ணிக்கையை நம்பாதீர்கள் என்று மேலே சொன்னது இதனால்தான்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். தியேட்டர்கள் ஆண்டுக்கு இத்தனை நாள் கொரியப் படம் போட்டே ஆக வேண்டும் என்ற விதி 1960-களிலிருந்தே இருந்தது. பிற்பாடு அது 146 நாள் என்று ஆனது. ஐந்து நாளைக்கு இரண்டு நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கொரிய சினிமா எழுந்ததற்கு இந்த விதிதான் காரணம் என்று பலரும் எழுதுகிறார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. விதி இருந்த காலத்தில்தான் தொழில் விழுந்தது. கணக்கில் கொரியப் படம் ஓடும், திரையில் ஹாலிவுட் படம் ஓடும் என்கிற கதையும் நடந்தது. 1993-ல் சினிமாக்காரர்களே ஒரு கண்காணிப்புக் குழு அமைத்துத் தியேட்டர் தியேட்டராகப் போய்ப் பார்க்கத் தொடங்கிய பிறகுதான் விதிக்குப் பல் முளைத்தது.

நம்ம ஊர் அனுபவத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். 2006-ல் தமிழில் பெயர் வைத்தால் கேளிக்கை வரி கிடையாது என்று தமிழக அரசு அறிவித்தது. என்ன ஆச்சு? பெயர்கள் தமிழாயின. அவ்வளவுதான். அரசு எதற்குச் சலுகை கொடுக்கிறதோ அது மட்டும் நடக்கும்.

கொரியாவில் கடைசி அடி 1988-ல் விழுந்தது. அமெரிக்காவின் நெருக்குதலால் சட்டத்தைத் திருத்தி, ஹாலிவுட் கம்பெனிகள் நேரடியாகவே அங்கே ஆபீஸ் போட்டுப் படம் வெளியிடலாம் என்று விட்டார்கள். இதில் சிக்கல் போட்டி மட்டும் இல்லை. அதுவரை இறக்குமதிக் கம்பெனிகள் ஹாலிவுட் படத்தில் பார்த்த லாபத்தில்தான் கொரியப் படத்துக்கும் கொஞ்சம் கிள்ளிக் கொடுத்தன. வேண்டாவெறுப்பாகத்தான், ஆனாலும் கொடுத்தன. இப்போது அந்த லாபம் நேராகக் கலிபோர்னியா போனது. சுற்று அறுந்துவிட்டது. சினிமாக்காரர்கள் தெருவில் இறங்கினார்கள். நேரடியாக வெளியிட்ட அமெரிக்கப் படம் ஓடும் தியேட்டருக்குள் பாம்பைக்கூட விட்டார்கள். கதை இல்லை, நிஜமாக நடந்தது.

"பாம்பா? நம்ம தியேட்டர்ல மூட்டப்பூச்சிக்கே இடைவேளையில பாதிப்பேரு எந்திரிச்சுப் போயிருவான்" என்றார் மாமா.

பாம்பு விட்டும் பயனில்லை. 1993-ல் உள்நாட்டுப் படங்களின் பங்கு 15.9 சதவீதத்துக்கு இறங்கியது. மாமா நம்பாத அந்தப் பதினாறு டிக்கெட் இதுதான்.

இனி எழுந்த கதை. இது ஒரே ஆளாலோ ஒரே சட்டத்தாலோ நடந்ததில்லை. நாலைந்து காரியங்கள் ஒரே சமயத்தில் வந்து சேர்ந்தன, அதில் சில தற்செயல்.

முதலில் பணம் வந்தது, எதிர்பாராத திசையிலிருந்து. சாம்சங், டேவூ போன்ற கம்பெனிகள் அப்போது வீடியோ பிளேயர் விற்றுக்கொண்டிருந்தன. பெட்டி விற்றால் போதுமா, அதில் போட கேசட் வேண்டாமா? கொரியப் படங்களின் வீடியோ உரிமையை முன்கூட்டியே வாங்கினார்கள். அப்புறம், உரிமைக்குக் கொடுக்கிற காசை முதலாகவே போட்டால் என்ன என்று படத்தயாரிப்பிலேயே இறங்கினார்கள். ஆபீஸ் ஆட்கள் வந்ததும் பழக்கம் மாறியது. பட்ஜெட் எழுதி வைத்தார்கள், செலவுக்கு ரசீது கேட்டார்கள், யார் பார்க்கப் போகிற படம் என்று எடுப்பதற்கு முன்பே விசாரித்தார்கள். படைப்பாளிகள் சிலருக்கு இது எரிச்சல்தான். ஆனால் வட்டிக்கு வாங்கிப் படம் எடுத்து வீட்டை விற்பதைவிட இது தேவலை. இந்தியாவில் சினிமாவுக்குத் 'தொழில்' என்ற அந்தஸ்தே 1998-ல்தான் கிடைத்தது. மதுரைப் பக்கம் சினிமா பைனான்ஸ் என்றால் என்ன என்று நான் விளக்கத் தேவையில்லை.

இரண்டாவது, அரசின் பார்வை. 1994-ல் அதிபருக்கு ஆலோசனை சொல்லும் அறிவியல் குழு ஓர் அறிக்கை கொடுத்தது. 'ஜுராசிக் பார்க்' படம் சம்பாதித்தது 15 லட்சம் ஹூண்டாய் கார் விற்பதற்குச் சமம் என்று அதில் ஒரு ஒப்பீடு. அந்தக் கணக்கு எவ்வளவு துல்லியமோ, கார் விற்றே வளர்ந்த நாட்டில் அது நன்றாக உறைத்தது. அடுத்த ஆண்டு புதிய திரைப்பட ஊக்குவிப்புச் சட்டம் வந்தது. 1996-ல் அரசியல் சாசன நீதிமன்றம், வெளியிடுவதற்கு முன்பே படத்தைத் தணிக்கை செய்வது அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்று தீர்ப்புச் சொன்னது. அதே ஆண்டு பூசான் துறைமுக நகரில் சர்வதேசத் திரைப்பட விழா தொடங்கியது.

மூன்றாவதைத்தான் நான் பெரிதாகச் சொல்வேன்: ஆட்கள். 1980-களில் சர்வாதிகாரத்தை எதிர்த்துத் தெருவில் நின்ற மாணவர்கள், 1987-ல் ஜனநாயகம் திரும்பியதும் சினிமா பக்கம் திரும்பினார்கள். கல்லூரிக்குக் கல்லூரி திரைப்படக் குழுக்கள். பிரதிக்குப் பிரதி எடுத்துத் தேய்ந்துபோன வீடியோ கேசட்டில் உலகப் படங்களைப் பார்த்து விடிய விடிய வாதாடினார்கள். பின்னால் 'பாரசைட்' படத்தை எடுத்த பாங் ஜூன்-ஹோ அப்படி ஒரு குழுவில் கேசட்டுகளைப் பராமரித்த மாணவர்தான். அப்புறம் 1984-ல் அரசு தொடங்கிய திரைப்படக் கல்விக் கழகத்தில் படித்தார். அதாவது, தொழில் பாதாளத்துக்குப் போய்க்கொண்டிருந்த காலத்தில் தொடங்கிய பள்ளி அது. பலன் வர இருபது வருஷம் ஆனது. இப்போது விதைத்து அடுத்த தேர்தலுக்குள் அறுக்க முடியாத பயிர்.

1997-ல் ஆசியப் பொருளாதாரமே ஆட்டம் கண்டது. டேவூ, சாம்சங் எல்லாம் சினிமாவை விட்டு ஓடின. தொழில் மறுபடியும் படுக்க வேண்டிய இடம் அது. படுக்கவில்லை. ஏனென்றால் அதற்குள் கணக்கு வழக்கு ஒழுங்காகியிருந்தது. ஒழுங்கான கணக்கைப் பார்த்து முதலீட்டு நிதி நிறுவனங்கள் உள்ளே வந்தன. 1998-ல் சியோலில் முதல் மல்டிபிளெக்ஸ் முளைத்தது. சாம்சங் கடையைக் கட்டும்போது கையில் கடைசியாக இருந்த படம் 'ஷிரி'. வட கொரிய உளவாளிகளைப் பற்றிய அந்தப் படம் 1999-ல் வந்து, கொரியாவில் 'டைட்டானிக்' வைத்திருந்த சாதனையை உடைத்தது. சாம்சங்குக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கறவை மாட்டை விற்ற மறுநாள் கன்று போட்ட கதை.

அதன் பிறகு ஏற்றம்தான். 2006-ல் உள்நாட்டுப் படங்களின் பங்கு 63.8 சதவீதம். அதே ஆண்டு, அமெரிக்காவுடன் வர்த்தக ஒப்பந்தம் பேசுவதற்காக 146 நாள் விதியை 73 நாளாக வெட்டினார்கள். நடிகர்கள் போராடினார்கள், தொழில் முடிந்தது என்றார்கள். இரண்டு வருஷத்தில் பங்கு 42 சதவீதம் வரை இறங்கத்தான் செய்தது. ஆனால் 2011-க்குள் பாதியைத் தாண்டி மறுபடியும் ஏறிவிட்டது. விதி கைத்தடி மாதிரி. கால் சரியாகும்வரை தேவை, அதுவே கால் ஆகிவிடாது. 2007 முதல் இன்னொரு ஏற்பாடும் வந்தது: ஒவ்வொரு டிக்கெட்டிலும் 3 சதவீதம் திரைப்பட வளர்ச்சி நிதிக்கு. ஹாலிவுட் படம் ஓடினாலும் அந்த 3 சதவீதம் உண்டு என்று வைத்தார்கள். அறுந்துபோன சுற்றை வேறு வழியில் கட்டியதாகத்தான் நான் இதைப் பார்க்கிறேன்.

5 கோடிப் பேர் உள்ள நாட்டில் 2013-ல் 20 கோடிக்கு மேல் டிக்கெட் விற்றது. ஆளுக்கு நாலு படம். 2019-ல் அது 22 கோடியைத் தாண்டியது. அந்த ஆண்டு வந்த 'பாரசைட்', 2020 பிப்ரவரியில் நாலு ஆஸ்கார் வாங்கியது. சிறந்த படம் என்ற விருதை ஆங்கிலம் அல்லாத படம் வாங்கியது அதுவே முதல் முறை. மாமாவுக்குத் தெரிந்த கதை இங்கேதான் தொடங்குகிறது.

ஆனால் கதை அங்கே நிற்கவில்லை. கொரோனா வந்த 2020-ல் 6 கோடி டிக்கெட்கூட விற்கவில்லை. நோய் போன பிறகும் கூட்டம் முழுதாகத் திரும்பவில்லை. 2024-ல் சுமார் 12 கோடிதான். இடையில் டிக்கெட் விலையை ஏற்றினார்கள். நெட்பிளிக்ஸ் 2023-ல், நாலு ஆண்டில் 250 கோடி டாலர் கொரியாவில் போடுவதாக அறிவித்தது. இயக்குநர், நடிகர், கேமராமேன் எல்லோரும் அந்தப் பக்கம் போனார்கள். பேத்தி பார்ப்பது அந்தக் காசில் எடுத்ததைத்தான். தொடர் உலகமெங்கும் ஓடினாலும் அதன் லாபம் சியோல் தியேட்டர் வழியாகச் சுற்றி அடுத்த படத்துக்கு வருவதில்லை. 2025 கான் விழாவின் போட்டிப் பிரிவில் ஒரு கொரியப் படம்கூட இல்லை. அங்கே பத்திரிகைகள் மறுபடியும் 'நெருக்கடி' என்று எழுதுகின்றன.

இது எப்படி உடனுக்குடன் தெரிகிறது என்று மாமா கேட்டார். அங்கே எல்லாத் தியேட்டரின் டிக்கெட் எண்ணிக்கையும் ஒரே அரசுக் கணினியில் சேர்கிறது, பெயர் கோபிஸ். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். பேத்தியின் போனை வாங்கித் திறந்து காட்டினேன். முந்தின நாள் எந்தப் படத்துக்கு எத்தனை பேர், எத்தனை திரை, எத்தனை ஆட்டம், ஒற்றை இலக்கம் வரை இருந்தது. கொரிய எழுத்து புரியாவிட்டாலும் எண்களை மேலிருந்து கீழே விரலால் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தார். மூன்றாவது படத்தில் நிறுத்தி, "இது நாலாம் நாளு தாங்காது" என்றார்.

கொஞ்ச நேரம் கழித்து, "உசிலம்பட்டி இதுல வருமா?" என்றார். வராது, இது கொரியா என்றேன். "சரி, மதுரைக்கு இப்படி ஒண்ணு இருக்கும்ல, அதக் காட்டு" என்றார்.

போனைப் பேத்தி வாங்கிக்கொண்டாள். சீரியல் பாதியில் நின்றிருந்தது.